அரண்மனை தமிழ்நாட்டில், சாவி கேரளாவிடம்: பத்மநாபபுரத்துக்கு ஒரு நாள் பயணம் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பெருங்கடவிளையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். நெய்யாற்றின்கரை வந்து, தேசிய நெடுஞ்சாலை 66-ல் தெற்கே திரும்பி, பாறசாலை தாண்டினால் களியக்காவிளை. அங்கே கேரளா முடிந்து தமிழ்நாடு தொடங்குது. மார்த்தாண்டம், தக்கலை வழியாக மொத்தமே 40 கி.மீ. அளவுதான். தக்கலையிலிருந்து 2 கி.மீ. உள்ளே போனால் ஒரு பழைய கருங்கல் கோட்டை. அதுக்குள்ளே பத்மநாபபுரம் அரண்மனை.

இடம் கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகா. சந்தேகமே இல்லாமல் தமிழ்நாடு. ஆனால் நுழைவுச்சீட்டு கிழித்துத் தருவது கேரளத் தொல்லியல் துறை. காவலர், வழிகாட்டி, பராமரிப்பு எல்லாமே கேரள அரசின் பொறுப்பு.

'எப்படி இது?' என்பதுதான் முதல் தடவை போகிற எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டு போனால், அரண்மனையை மட்டுமல்ல, வர்ற வழியில் தாண்டிய அந்த எல்லைக்கோட்டையும் வேற மாதிரி பார்ப்பீங்க.

முதலில், இது என்ன ஊர்?

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பழைய தலைநகர். 'திருவிதாங்கூர்' என்ற பெயரே தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் திருவிதாங்கோடு என்ற ஊரிலிருந்து வந்தது. பத்மநாபபுரத்தின் பழைய பெயர் கல்குளம். தாலுகாவின் பெயராக அது இன்னும் உயிரோடு இருக்கு.

அரண்மனையின் மிகப் பழைய பகுதி 'தாய்க் கொட்டாரம்'. இது 16-ம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. 1601 வாக்கில் ரவி வர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் அரண்மனை வளர்ந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவத்தின் பெரும்பகுதி மார்த்தாண்ட வர்மா காலத்தில், அதாவது 1729 முதல் 1758 வரையிலான ஆட்சியில் வந்தது. 'பத்மநாபபுரம்' என்ற பெயரும் அவர் காலத்தில் வந்ததுதான். 1750 ஜனவரியில் அவர் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு திருவிதாங்கூர் அரசர்கள் தங்களைப் 'பத்மநாப தாசர்' என்று சொல்லிக்கொண்டார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். அரசியல் கணக்கும் இதில் உண்டு. அரசரை எதிர்த்தால் சாமியையே எதிர்த்த மாதிரி ஆகிவிடும் இல்லையா?

தலைநகர் ஏன் மாறியது?

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பதில் தெரியும். மார்த்தாண்ட வர்மா பதவிக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது தெற்கு மூலையில் ஒரு சின்ன நாடு. கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கே ஒவ்வொன்றாகப் பிடித்த பிறகு, நாடு நீளமாகிவிட்டது. தலைநகரம் மட்டும் தெற்கு ஓரத்திலேயே நின்றுபோனது. அவருக்கு அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது.

அரண்மனையை இவ்வளவு முழுசாகக் காப்பாற்றியதே இந்த இடமாற்றம்தான் என்று சொல்லலாம். தலைநகரமாகவே தொடர்ந்திருந்தால் 19-ம் நூற்றாண்டு பாணியில் இடித்துக் கட்டியிருப்பார்கள். அப்படி நடக்காததால், மரத்தால் ஆன ஒரு பழைய அரண்மனை அப்படியே தங்கிவிட்டது. 1930-களில் திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் துறை இதைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக மாற்றியது. 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இருக்கு.

சரி, சாவி ஏன் கேரளாவிடம்?

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் உருவான நாள். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது.

இது சும்மா நடந்துவிடவில்லை. வழக்கறிஞர் ஏ.நேசமணி போன்றவர்கள் முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அந்தக் கட்சி கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு எல்லாமும் இருந்தன. 1955-ல் வந்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை தெற்கே இருந்த 4 தாலுகாக்களையும் செங்கோட்டையையும் மட்டும் தமிழகத்துக்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றது. பாறசாலை, பெருங்கடவிளை பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது இப்படித்தான்.

நிலத்தைப் பிரிக்க மொழி ஒரு அளவுகோலாக இருந்தது. சொத்துகளைப் பிரிக்க அப்படி ஒரே அளவுகோல் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி போனது:

அரண்மனை: மண் தமிழ்நாட்டுக்கு வந்தது, கட்டடமும் நிர்வாகமும் கேரள அரசிடம் நின்றன. இது மட்டுமல்ல, குற்றாலத்தில் இருக்கும் திருவிதாங்கூர் அரண்மனையும் கன்னியாகுமரியில் உள்ள கேரள விருந்தினர் மாளிகையும் இன்றும் கேரள அரசின் கையில்தான்.

கோயில்கள்: இவை தமிழ்நாட்டுக்கு வந்தன. சுசீந்திரம், திருவட்டாறு உட்பட. சமஸ்தானம் கோயில் நிலங்களை எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் கொடுத்துவந்தது. அந்தக் கடமையை இரண்டு மாநிலங்களும் பங்கு போட்டுக்கொண்டன. அரசியல் சாசனத்தின் 290-ஏ பிரிவைப் பாருங்க. கேரளா ஆண்டுக்கு 46.5 லட்சம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு, தமிழ்நாடு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் இங்கே வந்த கோயில்களுக்கான நிதிக்கு. நாட்டின் அரசியல் சாசனத்திலேயே எண்ணாக எழுதி வைத்த பாகப்பிரிவினை இது.

ரயில்: நாகர்கோவில், கன்னியாகுமரி ரயில் நிலையங்கள் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் வருகின்றன.

தண்ணீர்: நெய்யாறு அணை கேரளாவில். அதன் இடதுகரைக் கால்வாயை நம்பி விளவங்கோடு விவசாயிகள் இருந்தார்கள். அந்தத் தண்ணீர் நின்றுபோனது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆக, அரண்மனை ஒரு விதிவிலக்கு இல்லை. ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் பிரியும்போது வீடு ஒருத்தருக்கு, கிணறு ஒருத்தருக்கு, சாமி அறை ஒருத்தருக்கு என்று போகுமே, அதே கதைதான்.

உள்ளே எதைத் தவறவிடக் கூடாது?

அரண்மனை வளாகம் 6 ஏக்கருக்கு மேல். வெளியே இருக்கும் கோட்டை அதைப்போல் பல மடங்கு பெரியது. நிதானமாகப் பார்க்க 2 மணி நேரமாவது ஒதுக்கணும்.

பூமுகம்: முன்வாசல் கூடம். மேலே நிமிர்ந்து பாருங்க. மரக்கூரையில் 90 வகைப் பூ வடிவங்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அங்கே தொங்கும் குதிரை விளக்கையும் பார்க்கணும்.

மந்திரசாலை: அரசர் ஆலோசனை நடத்திய மாடி அறை. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மைக்கா தகடு. வெயில் உள்ளே வராது, வெளிச்சமும் காற்றும் வரும். தரை கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்கு மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்பார்கள்.

ஊட்டுப்புரை: நீளமான இரண்டு தளச் சாப்பாட்டுக் கூடம். ஒரே நேரத்தில் 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது கணக்கு. ஊறுகாய் வைக்கும் பெரிய பரணிகளை இங்கே பார்க்கலாம்.

உப்பரிகை மாளிகை: நான்கு தளங்கள். கீழே கருவூலம், அதற்கு மேலே அரசரின் படுக்கையறை. பல வகை மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருப்பது இங்கேதான். உச்சித் தளம் பத்மநாப சுவாமிக்கானது. அதன் சுவரோவியங்கள் பெயர் பெற்றவை.

தாய்க் கொட்டாரம்: ஒற்றைப் பலா மரத்தில் குடைந்த தூண் இருக்கு. மரவேலையில் ஆர்வம் இருக்கிறவங்க இங்கே அரை மணி நேரம் நின்றுவிடுவார்கள்.

நவராத்திரி மண்டபம்: மரமே மரமாகப் பார்த்துவந்த கண்ணுக்கு, திடீரென்று கருங்கல் தூண்கள். நாட்டியமும் இசையும் நடந்த இடம். பக்கத்தில் தேவாரக்கட்டு சரஸ்வதி சன்னதி.

நம்ம தலைமுறைக்கு இந்த இடம் ஏற்கெனவே தெரியும். ஃபாசில் இயக்கிய 'வருஷம் 16' படத்தில் வரும் பெரிய வீடு இதுதான். அவரே இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் காட்சிகளும் இங்கே எடுக்கப்பட்டன. 'சந்திரமுகி'க்கு மூலம் அந்தப் படம்தான்.

வழிகாட்டி சொல்லாத பக்கம் என்ன?

அரண்மனைகள் நமக்கு ராஜா கதை சொல்லும். சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கும்போது ஒரு கேள்வி கேளுங்க: அந்த 2,000 பேர் யார்? பிராமணர்கள். இலவச உணவு அவர்களுக்கானது. அந்த அரிசியை விளைவித்தவர்கள் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்திருக்க முடியாது.

கோட்டையைச் சுற்றியிருக்கும் இதே கல்குளம், இரணியல் பகுதிகளில்தான் 1822-ல் தோள்சீலைக் கலவரம் வெடித்தது. நாடார் பெண்கள் மேலாடை அணிந்தார்கள் என்பதற்காகத் தாக்கப்பட்டார்கள். போராட்டம் பல கட்டமாக நீண்டது. 1859 ஜூலை 26-ம் தேதி அரசாணை வந்தது. அதுவும் 'மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது' என்ற நிபந்தனையோடு. கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்ற பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரண்மனை ஊழியர் ஒருவரின் கதையும் இதில் உண்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றியவர். 1745-ல் கிறிஸ்தவரானார். தேவசகாயம் என்று பெயர் பெற்றார். சிறை, சித்திரவதை, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் துறவறம் பூணாத ஒருவர் புனிதரானது அதுவே முதல் முறை.

அவருக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகம் செய்தவர் டி லனாய். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத் தளபதி. 1741 ஆகஸ்ட் 10-ம் தேதி குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டார். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியாகவே ஆனார். 1777-ல் இறந்தார். அவர் கல்லறை பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கு. கல்வெட்டு இரண்டு மொழிகளில்: லத்தீன், தமிழ். திருவிதாங்கூரை வெறும் 'மலையாள ராஜ்ஜியம்' என்று நினைக்கிறவங்க அந்தக் கல்லைப் போய்ப் பார்க்கணும்.

எல்லையை ஆண்டுதோறும் தாண்டும் சாமிகள்

புரட்டாசியில் நவராத்திரிக்கு முன்பு ஒரு ஊர்வலம் கிளம்பும். தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று தெய்வங்களும் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போவார்கள். தலைநகர் மாறிய பிறகும் நவராத்திரி பூஜை தொடரணும் என்பதற்காக வந்த வழக்கம் இது. புறப்படும் முன் அரண்மனையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். இரண்டு மாநில அரசுகளின் பிரதிநிதிகளும் இருப்பார்கள்.

முதல் இரவு குழித்துறை. அடுத்த நாள் களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் வழியனுப்ப, கேரளப் போலீஸ் வரவேற்கும். பாறசாலை வழியாகப் போய் இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் திருவனந்தபுரம். விஜயதசமி முடிந்து அதே வழியில் திரும்பி வருவார்கள். எல்லை ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் வாசலில் விளக்கேற்றி நிற்பதைப் பார்த்தால், 1956-ல் போட்ட கோடு எங்கே இருக்குன்னு தேட வேண்டியிருக்கும்.

போவது எப்படி? ஒரு நாள் திட்டம்

ரயில்: திருவனந்தபுரம் - நாகர்கோவில் பாதையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று வரும். அரண்மனைக்கு அருகில் இருப்பது இரணியல். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்துக்கோங்க.

பேருந்து: திருவனந்தபுரம் - நாகர்கோவில் பேருந்தில் ஏறி தக்கலையில் இறங்கலாம். 'ஆனவண்டி' என்று கேரளாவில் செல்லமாகச் சொல்லும் அரசுப் பேருந்தும் உண்டு, தமிழ்நாடு அரசுப் பேருந்தும் உண்டு. தக்கலையிலிருந்து ஆட்டோ.

நேரம்: காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. மாலையில் மூடுவதற்கு முன்பே சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். திங்கட்கிழமை விடுமுறை. வார விடுமுறையில் திங்களைச் சேர்த்துத் திட்டமிடுகிறவங்கதான் அதிகம் ஏமாறுவது. கேமராவுக்குத் தனிக் கட்டணம். செருப்பை வெளியே விடணும்.

காலை 7.30: நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ண சுவாமி கோயில். வளாகத்தில் 'அம்மச்சி பிலாவு' என்ற பழம்பெரும் பலா மரத்தின் அடிப்பகுதியைப் பாதுகாத்து வைத்திருக்காங்க. எதிரிகள் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில் ஒளிந்து தப்பினார் என்பது கதை. அரண்மனையைப் பார்க்கும் முன் இதைப் பார்ப்பதுதான் சரியான வரிசை: முதலில் ஓடி ஒளிந்த பையன், அப்புறம் ராஜா.

9.30: அரண்மனை. கூட்டம் சேரும் முன் மந்திரசாலை, உப்பரிகை மாளிகைப் படிக்கட்டுகளை முடித்துவிடுங்க. படிகள் செங்குத்து, வழி குறுகல். முட்டி வலி உள்ள பெரியவங்க கூட வந்தால் கீழ்த்தளங்களே போதும்.

11.30: கோட்டைக்குள் ஒரு நடை. கல்குளம் நீலகண்ட சுவாமி கோயில், மகா சிவராத்திரியில் 12 கோயில்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தில் ஒன்று. ராமசுவாமி கோயிலில் ராமாயணக் காட்சிகளை மரத்தில் செதுக்கியிருக்காங்க. மதியம் நடை சாத்துவதற்குள் போகணும்.

1 மணி: தக்கலையில் சாப்பாடு. மரச்சீனியும் மீன் குழம்பும் கிடைத்தால் விடாதீங்க. மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கோங்க. கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு.

2.30: உதயகிரிக் கோட்டை, டி லனாய் கல்லறை.

4.30: நேரம் இருந்தால் திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம். காமராஜர் ஆட்சியில் திட்டமிடப்பட்டு 1960-களில் கட்டி முடிக்கப்பட்டது, 115 அடி உயரம். அங்கிருந்து அருமனை, பனச்சமூடு, வெள்ளறடை வழியாகப் பெருங்கடவிளைக்குத் திரும்பலாம். நெடுஞ்சாலை நெரிசல் இல்லாத, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகிற வழி.

பனச்சமூடு சந்தையில் ஒரு தேநீருக்கு நிறுத்துங்க. அங்கே ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் மாநிலம் மாறிவிடும். பலாப்பழத்தை இரண்டு பக்கமும் சக்கை என்றுதான் சொல்வாங்க.